கும்மி மாத்திரை

எங்கள் அத்தை வெங்கடலட்சுமி, தான் கும்மி பழகப் போவதாகச் சொன்ன அன்று, மாமா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "யாருக்கு?" என்று கேட்டார். கும்மியை ஏதோ வீட்டுக்கு வாங்கும் சாமான் என்று நினைத்துவிட்டார் போல. அத்தை ரசத்தை ஊற்றினார். மறுநாள் சாயந்திரம் மாரியம்மன் கோயில் மைதானத்தில் முன்வரிசையில் போய் நின்றுவிட்டார். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அத்தை என்றால் என் கணவர் சசிதரின் அம்மா. சூலூருக்குத் தெற்கே எங்கள் ஊர். வீட்டை ஒட்டியே மாமா லட்சுமிநாராயணனின் லேத் பட்டறை. வீட்டுக்குள் தெலுங்கு பேசுவோம் என்று பெயர்தான். அதில் முக்கால்வாசி கோயம்புத்தூர்த் தமிழ். நானும் சசியும் வேலை மாற்றலாகி இப்போது ஓசூரில் இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் தேய்ந்து, கும்மியை விட்டுக் கொஞ்ச காலம் ஆகிறது. ஆனாலும் சனிக்கிழமை சாயந்திரம் வந்தால் என் கை தன்னால் கார் சாவியைத் தேடுகிறது. கும்மி நடக்கும் ஊருக்கெல்லாம் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். பின் சீட்டில் மல்லிகைப் பூவும் வேர்வையும் கலந்து ஒரு வாசம் வரும். அந்தக் காரை விற்றபோது நான் அழுதேன். சசி என்னை விசித்திரமாகப் பார்த்தார். அவருக்கு எங்கே தெரியப் போகிறது?

அதற்கு முன்பு அத்தையின் நாள் என்பது பட்டறையின் நாள்தான். வேலைக்காரர்களுக்குக் காப்பி, அப்புறம் டீ, மத்தியானச் சோறு, மறுபடி டீ. தனக்கென்று ஒரு பொழுதுபோக்கு அவருக்கு இருந்ததில்லை. டிவியில்கூட மாமா வைத்த சேனல்தான் ஓடும். கொரோனா அடங்கிய பிறகு காங்கேயம் பக்கமிருந்து லட்சுமணசாமி வாத்தியார் எங்கள் ஊருக்கு வந்து, தினமும் சாயந்திரம் வள்ளி கும்மி பழக்க ஆரம்பித்தார். அவர் நடுவில் மைக்கைப் பிடித்து வள்ளி கதையைப் பாட, சுற்றி நூறு பெண்கள் ஒரே நிறச் சேலையில் வளையமாக நின்று அடியெடுத்துக் கை தட்டி ஆடுவார்கள். அரங்கேற்றம் முடிந்ததும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கத் தொடங்கினார்கள். கோயில் விசேஷம், கல்யாணம், சீர், எல்லாவற்றுக்கும் கும்மி.

சில அடவுகளில் பக்கத்தில் நிற்பவரோடு உள்ளங்கை தட்ட வேண்டும். அதற்காக வாத்தியார் எல்லோரையும் ஜோடி பிரித்தார். சொந்தம் பார்க்கவில்லை, வீதி பார்க்கவில்லை, உயரம் மட்டும் பார்த்தார். அத்தைக்கு ஜோடியாக வந்தவர் காளியாத்தாள். அவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எங்கள் வகையறாவின் தோட்டங்களில் பாடுபட்டது. காளியாத்தாள் இப்போது அங்கன்வாடியில் சமைக்கிறார். அவருடைய மகன் பிரவின்குமார் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். இருந்தும் காளியாத்தாள் எங்கள் வீட்டுக்கு வந்தால் பின்வாசலில் நின்றுதான் கூப்பிடுவார். முதல் வாரம் இருவர் கையும் பட்டும் படாமலும் தட்டின. வாத்தியாருக்கு அதெல்லாம் பிடிக்காது. சத்தம் வரவில்லையே என்று மைக்கிலேயே கேட்டார். இரண்டாவது வாரம் சத்தம் வந்தது. கொஞ்ச நாளில் காளியாத்தாள் முன்வாசலில் வந்து "அக்கோவ், கிளம்பியாச்சுங்களா?" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். அத்தை கண்ணாடி முன்னால் நின்று பவுடர் போட்டுக்கொண்டே, "வாரேன், இரு" என்பார். இந்த வயதில் இப்படி ஒரு சிநேகிதி கிடைத்ததில் அத்தைக்கு ஒரு சின்னப் பெண்ணின் மிதப்பு இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கும்மிக்கு ஒரு சட்டம் உண்டு. வளையம் சுற்ற ஆரம்பித்துவிட்டால் மங்களம் பாடும்வரை யாரும் வெளியே வரக் கூடாது. வந்தால் அத்தோடு வெளியேதான் நிற்க வேண்டும், ஜோடியும் சேர்ந்து. மூன்று மணி நேரம் ஆகும், சில ஊரில் அதற்கு மேலும் இழுக்கும். ஆடும் இடமோ கோயில் மைதானம், இல்லையென்றால் அறுவடை முடிந்த காடு. அங்கே ஒதுங்க ஏது இடம்? ஆகவே பெண்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கும்மி நாளில் மத்தியானத்துக்கு மேல் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்டால் விரதம் என்பார்கள். வெயில் தாழாத சித்திரை மாதத்தில் நாக்கு வறண்டு போய், வெறும் வயிற்றில் சிரித்துக்கொண்டே ஆடுவார்கள். எந்தச் சாமியும் கேட்காத விரதம் அது.

இரண்டாவது வருஷத்தில் அத்தைக்கு நீர்க்கடுப்பு வந்தது. முதல் தடவை சூடு என்றார். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார், இளநீர் குடித்தார், சரியாகப் போயிற்று. அடுத்த தடவை மெடிக்கலில் சொல்லி மூன்று நாள் மாத்திரை வாங்கினார். எரிச்சல் நின்றதும் மிச்சத்தை டப்பாவில் போட்டு வைத்தார். அப்புறம் அது விருந்தாளி மாதிரி மாதம் தவறாமல் வர ஆரம்பித்தது. பாத்ரூமுக்குள் போனால் அழுகைச் சத்தம் கேட்கும். மாமாவிடம் மூச்சு விடக் கூடாது என்று எனக்குக் கட்டளை. கல்யாணமாகி முப்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவரிடம் ஒன்றுக்குப் போகும் விஷயத்தைச் சொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை.

சிங்காநல்லூரில் டாக்டர் பிரத்யுஷாவிடம் கூட்டிப் போனேன். சின்ன வயசு டாக்டர், ஆனால் அவசரப்படாதவர். சிறுநீரை கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பி, எந்தக் கிருமி என்று பார்த்து, முதலில் அதைச் சுத்தமாகக் குணப்படுத்தினார். மறுபடி டெஸ்ட் எடுத்து, கிருமி இல்லை என்று உறுதியான பிறகுதான் ஒரு சின்ன மாத்திரையை எழுதினார். இது நோய்க்கு இல்லை, நோய் வராமல் தடுக்க. தினமும் ராத்திரி படுக்கும்போது ஒன்று, ஆறு மாதம். தீட்டு நின்ற வயசில் அந்த இடம் உலர்ந்து போவதாலும் இப்படித் திரும்பத் திரும்ப வரும் என்று சொல்லி, உள்ளே தடவிக்கொள்ள ஒரு க்ரீமும் கொடுத்தார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கவே கூடாது. அத்தை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். க்ரீமைப் பற்றிப் பேசியபோது மட்டும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

அந்த க்ரீம் பீரோ மேலே அநாதையாகக் கிடந்தது. ஒருநாள் மாமா அதை எடுத்துக் குதிகால் வெடிப்புக்குத் தடவிக்கொண்டு, சுமாராத்தான் கேட்குது என்று குறை வேறு சொன்னார். நான் சமையலறைக்குள் ஓடிப் போய்ச் சிரித்தேன். அத்தை பின்னாலேயே வந்து என் வாயைப் பொத்தினார். பொத்தியபடி அவரும் சிரித்தார். இரண்டு பேரும் அடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்த அந்த மத்தியானத்தை இங்கே ஓசூர் ஃபிளாட்டில் எத்தனை தடவை நினைத்துக்கொண்டேனோ தெரியாது.

மாத்திரை விஷயத்தில் அத்தை ஒரு கணக்குப் போட்டிருந்தார். கடுப்பு வருவது கும்மி ஆடிய மறுநாள். மாத்திரை, வராமல் தடுப்பதற்கு. அப்படியென்றால் கும்மி நாளில் போட்டால் போதாதா? தினமும் எதற்கு வீணாக்க வேண்டும்? சிக்கனமாகக் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன தோன்றும். இது எனக்குத் தெரிந்தது பொங்கலூர்ப் பக்கம் ஒரு கோயில் மைதானத்தில். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் பெண்கள் பூவையும் ஊக்கையும் பகிர்ந்துகொள்வது வழக்கம். அன்று கூட்டத்தின் ஓரத்தில் ஏழெட்டுப் பெண்கள் அத்தை முன்னால் வரிசையாக நின்றார்கள். அத்தை மாத்திரையைப் பிதுக்கி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒன்று வைத்தார். அவர்கள் ஒரு மடக்குத் தண்ணீரில் முழுங்கினார்கள். இடக்கையைக் கீழே வைத்து வலக்கையால் வாங்கிக்கொண்டதைப் பார்த்தால் தீர்த்தம் வாங்குவது போலவே இருந்தது.

"என்னங்க அத்தை இது?" என்றேன்.

"கும்மி மாத்திரை, கண்ணு. இதைப் போட்டா கடுப்பு வாரதில்லீங்கறாங்க எல்லாரும்" என்றார் பெருமையாக.

எல்லோரையும்விட ஆர்வமாக வாங்கியவர் காளியாத்தாள். அவருக்கு ரொம்ப நாளாகவே எரிச்சல் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனால் அங்கன்வாடியில் ஒரு நாள் லீவு. அக்கா கொடுக்கும் மாத்திரையே அவருக்கு வைத்தியமாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தியிருப்பேன், வாத்தியார் மைக்கைத் தட்டிவிட்டார், வளையம் நகர ஆரம்பித்துவிட்டது. காரில் திரும்பும் வழியெல்லாம் சண்டை போட்டேன். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நல்லது செய்தால் இந்த வீட்டில் யாருக்கும் பொறுக்காது என்றார்.

அதற்கடுத்த மாதம் அத்தைக்குக் குளிர் ஜுரம் வந்தது. இரண்டு கம்பளி போட்டும் உடம்பு உதறியது. முதுகின் ஒரு பக்கம் தொட முடியாத வலி. டாக்டர் பிரத்யுஷா உடனே படுக்கையில் சேர்த்துவிட்டார். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. கல்ச்சர் முடிவு வந்தபோது அந்தச் சின்ன மாத்திரை இனி இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்று தெரிந்தது. வேறு ஊசி, தினமும் நரம்பில் ஏற்ற வேண்டும். மாத்திரையை எப்படிப் போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் சொன்னேன், வரிசையில் நின்றவர்களைப் பற்றியும் சேர்த்து.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சிலருக்கு வேண்டியபோது மட்டும் போடச் சொல்லித் தருவதும் உண்டு, ஆனால் அதை டெஸ்ட் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று விளக்கினார். விட்டு விட்டுப் போட்டதில் கிருமி பழகிக்கொண்டிருக்கலாம் என்றார். பிறகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்ககிட்ட மாத்திரை வாங்குனவங்க யாருக்காவது ரொம்ப நாளா எரிச்சல் இருக்குதுங்களாம்மா?" என்று கேட்டார்.

பிரவின்குமாருக்குப் போன் போட்டு மறுநாளே காளியாத்தாளை வரவழைத்தோம். அவருக்குச் சர்க்கரை நானூறைத் தாண்டி இருந்தது. எரிச்சல் அதனால் வந்தது. எத்தனை மாதமாக இருக்கிறதோ, யாருக்கும் தெரியாது. அவ்வப்போது மாத்திரையைப் போட்டு எரிச்சலை அடக்கி வைத்ததால் அவர் டெஸ்ட் எடுக்கவே இல்லை. அத்தை கட்டிலில் படுத்தபடி காளியாத்தாளைப் பார்த்து அழுதார். காளியாத்தாள் சேலைத் தலைப்பால் அத்தையின் முகத்தைத் துடைத்துவிட்டு, சர்க்கரை உங்கள் மாத்திரையிலிருந்தா வந்தது என்று சமாதானம் சொன்னார். அது ஆறுதல்தான். ஆனால் அத்தைக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். தடுப்பு மாத்திரை இப்போதைக்கு வேண்டாம். அத்தை க்ரீமைக் கூச்சப்படாமல் போட வேண்டும். இருவரும் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கவே கூடாது. கும்மியில் அதற்கு வழி இல்லையென்றால் கும்மியை விட்டுவிடுங்கள். இன்னொரு தடவை சிறுநீரகத்துக்கு ஏறினால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது என்றார்.

அத்தை க்ரீமைப் போட ஆரம்பித்தார். தண்ணீர் பாட்டிலைக் கையோடு வைத்துக்கொண்டார். கும்மியை விடுவது பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. ராத்திரிச் சமையலின்போது அவர் கால் தன்னால் அடவு போடுவதைப் பார்ப்பேன். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "அதை விட்டுப்போட்டா எனக்கு என்ன கண்ணு இருக்குது? மறுபடியும் டீ ஆத்தோணும். காளியாத்தா மறுபடியும் பின்வாசல்ல வந்து நிப்பா."

நான் கழுவிய பாத்திரங்களை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

வாத்தியாரிடம் நானும் கூடப் போனேன். உடம்புக்கு முடியவில்லை, நடுவில் கொஞ்ச நேரம் வெளியே போய்வர அனுமதி வேண்டும் என்று அத்தை கேட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. ஐம்பது வருஷமாகச் சொல்லாததை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வார்? லட்சுமணசாமி வாத்தியார் நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர். "வளையம் அறுபடக் கூடாதுங்க அம்மணி. என்ற வாத்தியார் எனக்குச் சொன்னதுங்க அது. உங்களுக்கு ஒண்ணு சொல்லி மத்தவீங்களுக்கு ஒண்ணு சொல்ல முடியாதுங்க. முடியலீன்னா இந்தத் தடவை உக்காந்து பாருங்க" என்றார். அத்தை சரிங்க என்று கும்பிட்டுவிட்டு வந்தார். அவர் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை என்று அந்தக் கும்பிட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சென்னிமலைப் பக்கம் ஒரு ஊரில் கும்பாபிஷேகம் முடிந்து மண்டல பூஜைக்குக் கும்மி வைத்திருந்தார்கள். மத்தியானமே போய்ச் சேர்ந்தோம். நான் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டு வாசலில் நின்று, "ஏனுங்க" என்று கூப்பிட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் பாத்ரூமைக் காட்டி, கொல்லைக் கதவைத் திறந்தே வைக்கிறேன், யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று சொல்லிவிட்டார். பெண்ணுக்குப் பெண் இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிற விஷயம்தான் இது. எங்களுக்குத்தான் இத்தனை நாளாகிவிட்டது.

ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் பூ வைத்துக்கொண்டிருந்தபோது அத்தை நடுவில் நின்று பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். காளியாத்தாளும் குடித்தார். மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்குக் கும்மி மாத்திரை இல்லையா என்று யாரோ கேட்டார்கள். அத்தை அவரைப் பார்த்து, "மாத்திரை இல்ல சாமி. இனிமேல் எங்கிட்ட யாரும் கேக்காதீங்க. எனக்கு அதனால ஆஸ்பத்திரி, இவளுக்குச் சர்க்கரை இருந்ததே தெரியாமப் போச்சு. எரிஞ்சா டாக்டர்கிட்டப் போங்க. தாகமெடுத்தாத் தண்ணி குடிங்க. ஒண்ணுக்கு வந்தாப் போங்க" என்றார். அத்தையின் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அன்றுதான் முதல் தடவை சத்தமாகக் கேட்டேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

விளக்குப் போடும் நேரத்தில் வளையம் சுற்ற ஆரம்பித்தது. வள்ளி தினைப்புனம் காக்கும் கட்டம் முடிந்து, கிழவர் வேஷத்தில் முருகன் வரும் கட்டம். அத்தை காளியாத்தாளைப் பார்த்துத் தலையசைத்தார். இருவரும் வளையத்தை விட்டு வெளியே நடந்தார்கள். ஊர் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியாரின் குரல் ஒரு நொடி தடுமாறிச் சமாளித்துக்கொண்டது. நான் செல்போன் லைட்டைப் போட்டு முன்னால் நடந்தேன். கொல்லைக் கதவுக்கு வெளியே காத்திருந்தபோது நினைத்தேன்: இத்தோடு முடிந்தது. இனிச் சனிக்கிழமை இல்லை. இவர்கள் திரும்பிப் போவதற்குள் வளையத்தை மூடிவிடுவார்கள், இரண்டு ஆள் இடம் மூட எவ்வளவு நேரமாகும்.

திரும்பி வந்து மைதானத்தின் ஓரத்தில் மூன்று பேரும் நின்றோம். வளையம் எங்களைத் தாண்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தை தன் இடத்தைத் தேடினார். முதலில் தெரியவில்லை. பிறகு கோபுரத்துப் பக்கமிருந்து அது வந்தது. இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு காலி இடம், வளையத்தோடு வளையமாக, தாளம் தப்பாமல் நகர்ந்து வந்தது. அதன் முன்னால் போன பெண் பின்னால் நெருங்கவில்லை; பின்னால் வந்த கல்லூரிப் பெண் யுவஸ்ரீ முன்னால் தள்ளவில்லை. இருபக்கமும் உள்ளங்கை தட்டும் அடவு வந்தபோது யுவஸ்ரீ ஆளில்லாத பக்கம் கையை நீட்டிக் காற்றில் தட்டினாள், அங்கே ஒரு கை இருப்பது போலவே. அத்தை விம்மிவிட்டார். காளியாத்தாள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

வாத்தியார் பார்த்தார். பாட்டை நிறுத்தவில்லை. வெளியே நிற்கச் சொல்லவும் இல்லை. அதே அடியை இன்னொரு தடவை பாடினார், அவர்கள் கால் சேர்வதற்காக.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அடுத்த சுற்றில், வளையத்தின் எதிர்ப்பக்கம் இன்னொரு காலி இடம் வந்துகொண்டிருந்தது. அந்த இடத்துக்குரிய இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி இருட்டில் என்னை நோக்கி நடந்து வந்தார்கள். நான் லைட்டைப் போட்டு வழி காட்டினேன்.